பதினான்கு ஊர்களும் ஒரு நாவலும்

வைகை அணை கட்டினப்போ எத்தனை ஊர் தண்ணிக்குள்ள போச்சு? தேனிப் பக்கம் கொஞ்சம் புத்தகம் வாசிக்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "பதினாலு" என்று பதில் வரும். சரி, அந்தப் பதினாலு ஊர்ப் பேரையும் சொல்லுங்க என்றால், மேட்டூர் என்ற ஒரு பெயர் வரும். அதுவும் வைரமுத்து பிறந்த ஊர் என்பதால் வரும். அதற்குமேல் பேச்சு 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தின் பக்கம் திரும்பிவிடும்.

இந்தக் குறிப்பு அந்த நாவலைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நாவலை நாம் எதற்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றியது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரர்களுக்காக. வருசநாட்டு மலையில் பிறந்து வருகிற வைகையும், கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வருகிற முல்லை பெரியாற்றுத் தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிற வாசல் மாதிரியான இடம் ஆண்டிபட்டிப் பக்கம் இருக்கிறது. அங்கேதான் வைகை அணை. 1959 ஜனவரியில், காமராஜர் முதல்வராக இருந்தபோது திறக்கப்பட்டது. அணையின் உயரம் 111 அடி, தண்ணீர் தேக்குவது 71 அடி வரைக்கும். தேங்குகிற தண்ணீர் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று கீழே போகிறது. மேலே கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. மேலேயும் பச்சை, கீழேயும் பச்சை. நடுவில் கள்ளியும் மானாவாரியுமாக இருந்த ஊர்கள் 1957 வாக்கில் காலி செய்யப்பட்டன. அப்போது வைரமுத்துவுக்கு வயது நான்கு. அவர் குடும்பம் வடுகபட்டிக்குப் போனது.

கிட்டத்தட்ட நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 2001இல், அவர் அந்தக் கதையை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். 2003ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது.

நாவலின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம். பேயத்தேவர் என்ற ஒரு கிழவர், அவருடைய பேரன் மொக்கராசு, கொஞ்சம் நிலம், மாடு, தீராத குடும்பப் பாரம். இதை வைத்துக்கொண்டு அந்த மண்ணின் கைவேலை முழுவதையும் பதிவு செய்துவிட்டார். கிணறு எப்படி வெட்டினார்கள், மாடு கன்று போடும்போது பக்கத்தில் இருப்பவன் என்ன செய்வான், சாராயம் எப்படிக் காய்ச்சினார்கள் என்று பக்கம் பக்கமாக வருகிறது. சொந்த ஊரில் யாரும் இதைச் செயல்முறையாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. தெரிந்தவர்கள் போன பிறகுதான் அது அறிவு என்று தெரியவரும். அந்த வேலையை இந்த நாவல் செய்திருக்கிறது. பேச்சு வழக்கும் அப்படித்தான். அந்தப் பக்கத்துக் கிழவிகள் திட்டுகிற திட்டு, ஒப்பாரி, கேலி எல்லாமே காதில் விழுகிற மாதிரி இருக்கும். சில இடங்களில் ஆசிரியர் உள்ளே வந்து உவமைகளை அடுக்குவார். அங்கே கிழவர் மறைந்து கவிஞர் தெரிவார். எனக்கு அது இடைஞ்சல். ஆனால் அதை வைத்து நாவலைத் தள்ளிவிட மாட்டேன்.

என்னுடைய கேள்வி வேறு. தலைப்பிலேயே 'இதிகாசம்' என்று இருக்கிறது. இதிகாசத்துக்கு ஒரு நாயகன் வேண்டும். ஊருக்கு நாயகன் கிடையாது. ஊர் என்பது நாற்பது ஐம்பது வீடு, ரெண்டு மூணு தெரு, ஒரு கம்மா, ஒரு மந்தை, ஒரு சாமி, ரெண்டு கிணறு, அந்த ரெண்டு கிணற்றில் எதில் யார் இறைக்கலாம் என்ற கட்டுப்பாடு, நாலு தலைமுறைச் சண்டை. இதையெல்லாம் ஒரு கிழவரின் வாழ்க்கைக்குள் சுருட்டினால்தான் நாவல் நிற்கும். நாவல் முடியும்போது தண்ணீர் ஏறி வருகிறது, பேயத்தேவரும் அதோடு போகிறார். வாசகனுக்குத் தொண்டை அடைக்கிறது. அடைக்கத்தான் வேண்டும். ஆனால் உண்மையில் அந்த ஊர்க்காரர்கள் சாகவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எங்கே போனார்கள், யாருக்கு எவ்வளவு பணம் வந்தது, யாருக்கு வரவில்லை, போன ஊரில் யார் இடம் கொடுத்தார்கள், சாமியை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிற கதை. சாவோடு முடிகிற கதை மனதில் நிற்கும். பிழைத்துப் போனவர்களின் கதை நிற்காது.

நாவலாசிரியரிடம் நான் பதினான்கு ஊர்ப் பட்டியல் கேட்கவில்லை. அது அவர் வேலை இல்லை. நாம் என்ன செய்தோம் என்றால், நாவல் வந்ததும் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாகிவிட்டோம். ஒரு நல்ல புத்தகம் நம்மைச் சோம்பேறி ஆக்கிவிட்டது.

இதே பழக்கம் பள்ளத்தாக்கின் மேல் முனையிலும் இருக்கிறது. அங்கே நாயகன் பென்னிகுயிக். அவர் மேல் கம்பம் பள்ளத்தாக்கு வைத்திருக்கிற அன்பைக் கேலி செய்ய எனக்கு உரிமை கிடையாது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பொங்கலோடு சேர்ந்து வருவதால் பாலார்பட்டியில் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். தண்ணீர் தந்தவனைச் சாமியாகக் கும்பிடுவது இந்த மண்ணின் வழக்கம்தான்.

ஆனால் நாயகக் கதை வளர வளர, ஆதாரம் தேடுகிற பழக்கம் குறைகிறது. சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதை எல்லா மேடையிலும் ஒலிக்கிறது. அதற்குக் கையில் காட்டக்கூடிய ஆவணம் எதையும் யாரும் இதுவரை முன்வைத்ததில்லை. 2021இல் மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தபோது, அது பென்னிகுயிக் வாழ்ந்த வீடு, இடிக்கக்கூடாது என்று எதிர்ப்பு வந்தது. அந்தக் கட்டடம் கட்டியது 1912-13இல், அவர் இறந்தது 1911இல் என்று அரசு தரப்பில் பதில் சொன்னார்கள். ரெண்டு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிகிற விஷயம் அரசியல் சண்டையாகிவிட்டது. இன்னொரு பக்கம், 1887க்கும் 1895க்கும் இடையில் அந்தக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன கூலி ஆட்கள். அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த எஞ்சினியர் மெக்கன்சி 1899இல் திட்ட வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். நம் மேடைகளில் அந்தப் புத்தகத்தின் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது? அந்தக் கூலிகளில் ஒருவர் பெயராவது நம் வாயில் வருமா?

மேலே ஒரு நாயகன், கீழே ஒரு பலியாள். ரெண்டு பேருமே நம் அன்புக்கு உரியவர்கள்தான். ரெண்டு பேருடைய நிழலிலும் நூற்றுக்கணக்கான பெயர்கள் மறைந்து கிடக்கின்றன என்பதுதான் விஷயம்.

பெயர் எழுதி வைக்க ஆளில்லை, காகிதமில்லை, படிப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன். இந்தப் பகுதியில் பிரமலைக் கள்ளர்கள் மேல் குற்றப் பரம்பரைச் சட்டம் போடப்பட்ட காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அதற்கு ரேகைச் சட்டம் என்றுதான் பேர். வயதுவந்த ஆண்களின் பெயரும் கைரேகையும் பதிவேட்டில் ஏறியது. வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும், சில இடங்களில் ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் இந்த ரேகைப் பதிவை எதிர்த்த ஜனங்கள் மீது போலீஸ் சுட்டது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது.

சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1957இல், அணைக்காக ஊர்கள் காலியாகின்றன. சந்தேகப்பட்ட காலத்தில் ஆள் ஆளாகத் தேடிப் பிடித்துப் பெயர் எழுதத் தெரிந்த சர்க்காருக்கு, அதே ஜனங்களின் ஊரை எடுக்கும்போது நிலத்தின் சர்வே எண் போதுமானதாக இருந்தது. 1894ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் அப்படிப்பட்டது. அது நிலத்துக்குக் கிரயம் பேசுகிற சட்டம். பட்டா இருந்தால் உங்கள் பெயர் காகிதத்தில் வரும். வாய்ப்பேச்சில் வாரத்துக்கு உழுதவர், கூலிக்குக் களை எடுத்தவர், ஊருக்கு வெளுத்தவர், பானை வனைந்தவர், செருப்புத் தைத்தவர் யாரும் அந்தக் கணக்கில் 'பாதிக்கப்பட்டவர்' கிடையாது. மறுவாழ்வு என்ற சொல்லுக்கே அதில் இடமில்லை. நிலமில்லாத கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கிற சட்டம் 2013இல்தான் வந்தது.

இதை யோசித்துப் பாருங்கள். ஆவணக் காப்பகத்தை மட்டும் நம்பி அந்த ஊர்களின் வரலாற்றை எழுதினால், பட்டாதாரர்களின் வரலாறு கிடைக்கும். நாவலை மட்டும் நம்பினால் ஒரு பேயத்தேவர் கிடைப்பார். காலனித் தெரு ரெண்டிலுமே இருக்காது. அல்லது ஓரத்தில் வந்து போகும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. கல்விப்புல ஆய்வு. ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்து எழுதிய 'குரூக்டு ஸ்டாக்ஸ்' 2009இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகம் விவசாயத்தின் வழியாகத் தன்னைத்தானே எப்படிப் பண்படுத்திக்கொண்டது என்ற கேள்விதான் அதன் மையம். சம்சாரிகளின் சாதாரணப் பேச்சை, பழமொழியை, சினிமாப் பாட்டை எடுத்து, அதற்குள் ஒரு தத்துவம் இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டுகிறார். மதிப்பான வேலை. ஆனால் அந்தப் புத்தகம் உலகத்தின் மானிடவியல் மாணவர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுகிறது. பேச்சைக் கொடுத்தவர்கள் தோட்டத்தில் நிற்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதை வாசித்து, 'எங்க தாத்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரே' என்று மறுத்துப் பேசுகிற நாள் வந்தால்தான் அது ஊர் வரலாற்றில் சேரும்.

நாலாவது வழி ஒன்று இப்போது வேகமாக வளர்கிறது. சாதி வரலாறு. மதுரை, தேனிப் பக்கம் ஒவ்வொரு சமூகமும் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதுவது தேவையான வேலை. ஆனால் ஊர் என்பது ஒரு சாதி கிடையாது. மூழ்கின ஊரை ஒவ்வொரு சாதியும் தன் தன் பங்கைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய் எழுதினால், அந்தக் கிணற்றுக் கட்டுப்பாடு எந்தப் புத்தகத்தில் வரும்? யாரும் தன் தாத்தா இன்னொருத்தரைத் தண்ணீர் எடுக்க விடவில்லை என்று பெருமையாக எழுத மாட்டார்கள்.

அப்படியானால் எங்கே தேடுவது? நம் வீட்டு பீரோவில்தான்.

முதலில் மொய் நோட்டு. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காதுகுத்தோ கல்யாணமோ எதுவானாலும் வந்து செய்முறை செய்கிறவரின் ஊர், பெயர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். நாளை அவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் அதில் தப்பு வரக்கூடாது. சர்க்கார் ரிக்கார்டில் பிழை இருக்கலாம், மொய் நோட்டில் இருந்தால் சண்டை வரும். 1950களின் மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், தண்ணீருக்குள் போன ஊரின் பெயரும் அங்கே வாழ்ந்தவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். நிலமில்லாதவரும் ரெண்டு ரூபாய் எழுதியிருப்பார். பட்டா இல்லாத ஆளின் பெயரைக் காட்டக்கூடிய காகிதம் அது. அதிலும் எல்லாத் தெருவும் வராது, யார் யார் வீட்டுக்கு மொய் செய்யலாம் என்பதிலும் சாதி உண்டு. அதனால்தான் ஒரு தெருவின் நோட்டு போதாது, எல்லாத் தெருவின் நோட்டும் வேண்டும்.

அடுத்தது பிடிமண். ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமிக் கோயிலில் ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டு போய், புது இடத்தில் வைத்துக் கோயில் எழுப்புவார்கள். அந்தப் பிடிமண் எந்தெந்த ஊருக்குப் போனது என்று தொடர்ந்து போனால், எந்தக் குடும்பம் எங்கே பிரிந்தது என்ற வரைபடம் தானாகவே வந்துவிடும். பத்திரிகையில் 'பூர்வீகம்' என்று ஒரு வரி அடிப்போமே, அது இன்னொரு தடயம். பெயருக்கு முன்னால் ஊரை வைத்து இனிஷியல் போடுகிற பழக்கம் மற்றொன்று. ஊர் போய்விட்டாலும் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். என்ன எழுத்து என்று பேரனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

சர்க்கார் காகிதங்களையும் விட்டுவிடக் கூடாது. கிராம வரைபடம், 'அ' பதிவேடு, அரசிதழில் வந்த நில எடுப்பு அறிவிப்பு, 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. தேனி மாவட்டம் 1996இல்தான் பிரிந்தது. அதனால் பழைய காகிதத்தை மதுரையிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். பதினான்கு பெயரை உறுதிசெய்ய இது போதும். ஆனால் அந்தக் காகிதத்தை மொய் நோட்டோடு ஒத்துப் பார்க்கும்போதுதான் யார் விடுபட்டார்கள் என்று தெரியும். வரலாற்று வேலை அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இப்படிச் செய்த ஜனங்கள் உலகத்தில் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கிழக்கு ஐரோப்பாவில் அழிந்துபோன சிற்றூர்களிலிருந்து தப்பிய யூதர்கள் ஊருக்கு ஒன்றாக 'யிஸ்கோர்' புத்தகங்கள் தயாரித்தார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பலவற்றில் எழுத்தாளர் என்று ஒருவர் கிடையாது. ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதினார்கள். நினைவிலிருந்து கையால் வரைந்த தெரு வரைபடம், கடைக்காரர், வாத்தியார், தண்ணி சுமந்தவர் வரை பெயர்கள். அவர்களுக்கு நேர்ந்தது படுகொலை, நமக்கு நேர்ந்தது இடப்பெயர்வு. ரெண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். செய்முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றிலும் குறை உண்டு. இழந்த ஊர் நினைவில் அழகாகிவிடும், சண்டைகள் மறந்துபோகும். ஆனாலும் நாவல் தராத ஒன்றை அவை தருகின்றன. தன் தாத்தா பெயரைத் தேடி வருகிறவனுக்கு அந்தப் பெயர் கிடைக்கிறது.

கேட்கிற விதத்தையும் மாற்ற வேண்டும். பெரியவர்களிடம் மைக்கை நீட்டி 'ஊர் முங்கினப்போ மனசு எப்படி இருந்துச்சு' என்று கேட்டால், அவர்கள் நாவலில் வருகிற மாதிரியே சொல்வார்கள். நாற்பது வருஷமாகச் சொல்லித் தேய்ந்த வாக்கியங்கள் வரும். அதற்குப் பதிலாக, 'உங்க வீட்டுக்கு வடக்க யார் வீடு? அதுக்கடுத்து? கோடாங்கி எந்தத் தெரு? குடிதண்ணி எங்கே எடுத்தீங்க? அங்கே வரக்கூடாதவங்க எங்கே எடுத்தாங்க?' என்று கேட்டால் ஊர் வீடு வீடாக எழுந்து வரும். ஒரே கேள்வியை வடக்குத் தெருவிலும் கேட்க வேண்டும், காலனியிலும் கேட்க வேண்டும். பதில்கள் ஒத்துவராது. ஒத்துவராத இடத்தை அழிக்காமல் ரெண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

காலம் குறைவு. ஊர் காலியானபோது பத்து வயதாக இருந்தவர் 1947இல் பிறந்தவர், இப்போது எண்பதை நெருங்குகிறார். அவருக்கு முந்தியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். நாவல் எங்கேயும் போகாது, இன்னும் நூறு வருஷம் அச்சில் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மொய் நோட்டைக் கறையான் தின்னும், வீடு மாற்றும்போது பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போகும்.

ஆண்டிபட்டி, தேனி, வருசநாட்டுப் பக்கம் வேர் உள்ளவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேலை. வீட்டில் பழைய மொய் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தொகையை மறைத்துவிட்டுப் பக்கங்களைப் போனில் படம் எடுங்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது குடும்ப விஷயம், அது நமக்கு வேண்டாம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் போதும். பக்கத்தில் பெரியவர் யாராவது இருந்தால் ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டி, இவர் யார், எந்தத் தெரு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதினான்கு என்ற எண்ணைப் பதினான்கு பெயராக மாற்ற அங்கேயிருந்துதான் தொடங்க முடியும்.